2,933 கேல் சொல்வதும் சொல்லாததும்: 2011 தோஹோகு நிலநடுக்கத்தின் வலுவசைவுப் பதிவுகளைப் படிப்பது எப்படி

2011 மார்ச் 11, ஜப்பான் நேரம் பிற்பகல் 2:46. மியாகி கடற்கரைக்குக் கிழக்கே, கடலடியில் சுமார் 24 கி.மீ. ஆழத்தில் தொடங்கிய முறிவு ஏறக்குறைய 450 கி.மீ. நீளத்துக்கும் 200 கி.மீ. அகலத்துக்கும் பரவியது. முறிவின் பரப்பையும் நகர்வையும் கொண்டு கணக்கிடும் உந்த அளவு (மேக்னிட்யூட்) 9.0. இந்த அளவில் வந்த நிலநடுக்கங்களில், கரையில் அடர்த்தியாக நிறுவப்பட்ட முடுக்கப் பதிவிகளால் முழுமையாகப் பதிவானது இதுதான் முதல். 2004இல் நம் கடற்கரைகளைச் சுனாமியால் தாக்கிய சுமத்ரா நிலநடுக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. ஆனால் முறிவுக்கு அருகே நிலம் எப்படிக் குலுங்கியது என்று சொல்லும் வலுவசைவுப் பதிவுகள் அங்கே கிடைக்கவில்லை. தோஹோகுவிலோ 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகள் கிடைத்தன.

அவற்றில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒரே எண் 2,933 கேல். ஒரு கேல் என்பது நொடிக்கு நொடி 1 செ.மீ. முடுக்கம், புவியீர்ப்பு 980 கேல். மியாகியின் குரிஹாரா நகரிலுள்ள சுகிதாதே நிலையத்தில் மூன்று திசைகளையும் கூட்டி வந்த உச்சம் அது. வடக்கு-தெற்குத் திசையில் மட்டும் 2,700 கேல், செங்குத்துத் திசையில் 1,880 கேல். ஜப்பான் வானிலை முகமையின் செறிவு அளவுகோலில் உச்சப் படியான 7 பதிவானதும் இங்கேதான். இருந்தும் அந்த நிலையத்தைச் சுற்றி இருந்த வீடுகளில் பெரும்பாலானவை நின்றன. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில், 600 கேலைக்கூடத் தொடாத ஃபுருகாவாவில் கட்டடச் சேதம் தெளிவாகக் கூடுதல். பெரிய நிலநடுக்கத்தின் பதிவை உச்ச முடுக்கம் என்ற ஒற்றை எண்ணாகச் சுருக்குவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. ஒரு பதிவுக்குள் பல அலைவுக்காலங்களும், பல இடங்களிலிருந்து கிளம்பிய அலைத்தொகுதிகளும், நிலையத்தடி மண்ணின் நடத்தையும், கருவியின் குறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பதுதான் வேலை.

கணக்கு ஒன்று, மூன்று இடங்கள்

கணினி நிரல் எதுவும் திறப்பதற்கு முன் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. அசைவை ஒரு சைன் அலையாக எடுத்துக்கொண்டால், முடுக்கத்தைக் கோண அதிர்வெண்ணால் ஒருமுறை வகுத்தால் வேகம். இருமுறை வகுத்தால் இடப்பெயர்ச்சி.

சுகிதாதேயில் ஓங்கி நின்ற அலைவுக்காலம் சுமார் 0.24 நொடி. கோண அதிர்வெண் ஏறக்குறைய 26. 2,700 கேலை 26ஆல் வகுத்தால் நொடிக்கு 100 செ.மீ.க்குச் சற்று மேல். மறுபடியும் வகுத்தால் 4 செ.மீ. உலகையே திகைக்க வைத்த அந்த முடுக்கத்தில் நிலம் தன் இடத்திலிருந்து நகர்ந்தது நான்கு விரல்கடை அளவுகூட இல்லை.

ஃபுருகாவாவில் 1 முதல் 1.5 நொடி வரையிலான அலைகள் வலுவாக இருந்தன. 500 கேல், 1.2 நொடி என்று வைத்துக்கொண்டால் வேகம் நொடிக்குச் சுமார் 95 செ.மீ., இடப்பெயர்ச்சி 18 செ.மீ. வேகம் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே, மாறுவது அலைவுக்காலம். மரவீடும் தாழ்ந்த கட்டடமும் விரிசல் கண்டு தளரத் தொடங்கியதும் அவற்றின் இயல்பு அலைவுக்காலம் நீண்டு ஒரு நொடியை நெருங்கும். 0.24 நொடி அலை அப்போது அவற்றை விட்டுவிடுகிறது; ஒரு நொடி அலையோ தளர்ந்த கட்டடத்தைத் துரத்திப் பிடிக்கிறது. 1995இல் பெருஞ்சேதம் கண்ட கோபேயின் வானிலை நிலையம் காட்டிய உச்சம் 818 கேல்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சேதத்தைத் தீர்மானிக்கும் அலைவுக்காலப் பட்டை எது என்பது விளங்கும்.

மூன்றாவது இடம் ஒசாகா. முறிவு தொடங்கிய இடத்திலிருந்து 700 கி.மீ.க்கும் அப்பால். அங்கே வளைகுடா ஓரத்தில் நிற்கும் 256 மீட்டர் உயர சகிஷிமா அரசு அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கிடைத்திசை முடுக்கம் 40 கேலுக்கும் குறைவு. 52ஆம் மாடியில் ஏறக்குறைய 127 கேல். சுகிதாதேயோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் இயல்பு அலைவுக்காலம் சுமார் 6.5 நொடி, ஒசாகா வடிநிலத்தின் ஆழ்ந்த படிவுகளும் அதே பட்டையில் அலையைப் பெருக்குகின்றன. கோண அதிர்வெண் 0.967. 127ஐ அதன் வர்க்கத்தால் வகுத்தால் 136 செ.மீ. உச்சியில் அளந்து சொல்லப்பட்ட ஒருபக்க ஊசல் 137 செ.மீ. பத்து நிமிட அளவுக்கு அது ஆடியது. உள்ளே கூரைப் பலகைகள் விழுந்தன, மின்தூக்கிகள் நின்றன.

ஆக, 2,700 கேலுக்கு 4 செ.மீ.; 127 கேலுக்கு ஒன்றேகால் மீட்டருக்கும் மேல். எந்தப் பட்டையைப் படிக்கப் போகிறோம் என்று முடிவெடுக்காமல் பதிவைத் தொடக்கூடாது.

கோப்பைத் திறந்ததும் பார்க்க வேண்டியவை

ஜப்பானின் புவி அறிவியல் மற்றும் பேரிடர்த் தாங்குதிறன் ஆய்வு நிறுவனம் நடத்தும் இரண்டு வலையமைப்புகள்தான் இங்கே முதன்மை. கே-நெட் என்பது கோபே நிலநடுக்கத்தின் பின் உருவானது. 1996 முதல் இயங்குகிறது. சுமார் 20 கி.மீ. இடைவெளியில் ஏறக்குறைய ஆயிரம் நிலையங்கள், எல்லாம் தரைமட்டத்தில். கிக்-நெட் சுமார் 700 இடங்களில், தரையில் ஒரு சென்சாரும் ஆழ்துளையில் ஒரு சென்சாருமாக இணையாக இருப்பது. பெரும்பாலான துளைகள் 100 முதல் 200 மீட்டர். சில ஆயிரம் மீட்டரையும் தாண்டுகின்றன.

கே-நெட் கோப்பு எளிய உரைக்கோப்புதான். 17 வரித் தலைப்பு, அதன்கீழ் எட்டெட்டு நெடுவரிசைகளாக முழு எண்கள். ஒவ்வொரு திசைக்கும் ஒரு கோப்பு. எளிமையாகத் தோன்றும் இந்தத் தலைப்பில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள்.

முதல் இடறல் நேரம். தலைப்பிலுள்ள பதிவு நேரம், முதல் மாதிரியின் நேரம் என்று நினைத்துவிடுவார்கள். கருவி, அதிர்வு வந்து உசுப்பப்படுவதற்கு முந்தைய 15 நொடிகளையும் நினைவகத்திலிருந்து எடுத்துச் சேர்க்கிறது; அந்த 15 நொடியைக் கழித்தால்தான் முதல் மாதிரியின் உண்மை நேரம் வரும். கழிக்க மறந்தால் எல்லா நிலையங்களும் ஒரே அளவு தள்ளிப்போவதால் படம் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். மூலத்தின் முறிவு நேரத்தைக் கணக்கிடும்போதுதான் 15 நொடிப் பிழை தலைகாட்டும். எல்லா நேரமும் ஜப்பான் நேரம் என்பதும் நினைவில் இருக்கட்டும். பன்னாட்டு நேரத்துக்கு 9 மணி கழிக்க வேண்டும்.

அடுத்தது அளவுக்காரணி. 3920 கேல் வகுத்தல் 6182761 என்பதுபோல ஒரு பின்னமாக அது எழுதப்பட்டிருக்கும். கருவி மாறினால் பின்னமும் மாறும். ஒரு நிலையத்துக்கு எடுத்த காரணியை நிரலில் நிலையாக எழுதிவைத்து எல்லாக் கோப்புகளுக்கும் பயன்படுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. கணக்கிட்டு வந்த உச்சத்தைத் தலைப்பிலேயே உள்ள உச்ச முடுக்கத்தோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். கே-நெட்டின் முதல் தலைமுறைக் கருவிகள் 2,000 கேல் வரையே அளக்கும். அடுத்த தலைமுறை 4,000 வரை. சுகிதாதேயில் பழைய கருவி இருந்திருந்தால் அலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகியிருக்கும். உச்சத்துக்கு அருகே ஒரே மதிப்பு அடுத்தடுத்து வருகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

கிக்-நெட்டில் கோப்புப் பெயரின் கடைசியில் 1 என்றால் ஆழ்துளை, 2 என்றால் தரை. ஆழ்துளை சென்சாரை நூறு மீட்டர் கீழே இறக்கும்போது அதன் வடக்கு உண்மையான வடக்கோடு பொருந்திவிடும் என்று நம்பக்கூடாது. 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலைநீளம் கிலோமீட்டர் கணக்கில் இருப்பதால் மேலும் கீழும் ஒரே அசைவுதான் இருக்க வேண்டும். அந்தப் பட்டையில் இரண்டையும் வடிகட்டி, ஆழ்துளைப் பதிவை ஒவ்வொரு பாகையாகச் சுழற்றி, தரைப்பதிவோடு ஒப்புமை எங்கே உச்சமாகிறது என்று பார்த்தால் திருத்தக் கோணம் கிடைக்கும்.

கடைசியாக, பதிவின் நீளம். இந்த நிலநடுக்கத்துக்குப் பல கோப்புகள் 300 நொடியில் முடிகின்றன. மியாகியில் வலுவான குலுக்கல் மட்டும் இரண்டு நிமிடத்துக்கும் மேல் நீடித்தது. டோக்கியோ அமைந்த காந்தோ சமவெளியிலோ நீள் அலைகள் 300 நொடியில் அடங்கவேயில்லை. கோப்பு முடிந்துவிட்டது என்பதால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று பொருளில்லை.

இருமுறை தொகையிடும்போது

முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால் (நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால்) இடப்பெயர்ச்சி. ஓசிகா தீபகற்பத்தில் ஜிபிஎஸ் நிலையம் 5.3 மீட்டர் கிழக்கு-தென்கிழக்கே நகர்ந்து 1.2 மீட்டர் தாழ்ந்தது. அதே தீபகற்பத்தில் ஒரு கே-நெட் நிலையமும் இருக்கிறது. அதன் முடுக்கப் பதிவிலிருந்து இந்த 5.3 மீட்டரை மீட்க முடியுமா என்பது ஒரு நல்ல சோதனை.

திருத்தாமல் தொகையிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். குலுக்கலின்போது கருவியின் சுழிக்கோடு (அசைவே இல்லாதபோது அது காட்டும் மட்டம்) வெறும் 0.1 கேல் விலகியது என்று கொள்வோம். 250 நொடிக்குப் பின் வேகத்தில் பிழை நொடிக்கு 25 செ.மீ. இடப்பெயர்ச்சியில் பிழை 0.1 பெருக்கல் 250இன் வர்க்கம், அதில் பாதி: 31 மீட்டர். உண்மை 5 மீட்டர், பிழை 31 மீட்டர். அந்த 0.1 கேல் எங்கிருந்து வருகிறது? கருவி நிற்கும் காங்கிரீட் மேடை ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.1 மி.மீ. சாய்ந்தாலே போதும், புவியீர்ப்பின் ஒரு கூறு கிடைத்திசைச் சென்சாரில் அந்த அளவுக்கு விழுந்துவிடும். 500 கேல் குலுக்கலில் அடியில் உள்ள மண் அவ்வளவுகூட இறங்காமல் இருக்குமா? செங்குத்துச் சென்சார் மட்டும் இதில் ஓரளவு தப்பிக்கும், சிறு சாய்வில் அதன்மேல் விழும் மாற்றம் இரண்டாம் படி அளவே என்பதால்.

திருத்தும் முறை இப்படிப் போகிறது. அதிர்வு வருவதற்கு முந்தைய பகுதியின் சராசரியை முழுப் பதிவிலிருந்தும் கழிக்க வேண்டும். முதல் அலையின் மெல்லிய தொடக்கம் அந்தப் பகுதிக்குள் நுழைந்துவிடாதபடி 10 நொடியோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. பிறகு ஒருமுறை தொகையிட்டு வேகத்தைப் பார்க்க வேண்டும். குலுக்கல் அடங்கிய பின் நிலத்தின் வேகம் சுழியாக இருந்தாக வேண்டும். வால்பகுதி சாய்ந்த நேர்கோடாகப் போனால் அந்தச் சாய்வுதான் சுழிக்கோட்டின் விலகல். எவ்வளவு விலகியது என்பது இப்படித் தெரிந்துவிடும். எப்போது விலகியது என்பதுதான் தெரியாது. ஆய்வாளர் இவான் 1985இல் முன்வைத்த வழியில் முடுக்கம் முதன்முதலாக 50 கேலைத் தாண்டிய நேரத்துக்கும் கடைசியாகத் தாண்டிய நேரத்துக்கும் இடையே விலகல் நேர்ந்ததாகக் கொண்டு, அந்த இடைவெளிக்கு ஒரு சராசரித் திருத்தமும் அதன் பிறகு வால்பகுதித் திருத்தமும் கழிக்கப்படும். பூர் என்ற ஆய்வாளர் பின்னர் காட்டியதுபோல, இந்த இரண்டு நேரங்களையும் சற்றே மாற்றினாலும் கடைசி இடப்பெயர்ச்சி பெரிதாக மாறும்.

சாதாரண நிலநடுக்கத்தில் 50 கேல் இடைவெளி பத்து இருபது நொடி. மியாகியில் அது நூறு நொடிக்கு மேல் நீளுகிறது. விலகல் முதல் அலைத்தொகுதியில் நேர்ந்ததா, இரண்டாவதிலா என்பதைப் பொறுத்து விடை பல மீட்டர் மாறும். அதனால் இங்கே தனித்து நின்று ஒரு பதிவைத் திருத்துவது வீண் முயற்சி என்பதே என் தீர்ப்பு. அருகிலுள்ள ஜிபிஎஸ் நிலையத்தின் நொடிக்கொரு மாதிரித் தரவை எடுத்து, அதனோடு ஒப்பிட்டபடியே நேரங்கள் இரண்டையும் சிறிது சிறிதாக நகர்த்தி நகர்த்தி, இடப்பெயர்ச்சி படிபோல உயர்ந்து தட்டையாக நிற்கும் இணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வால்பகுதியைப் பொருத்தும்போது 300 நொடிக் கோப்பில் கடைசி 60–80 நொடியே கைக்குக் கிடைக்கும். அதிலும் நீள் அலைகள் ஓடிக்கொண்டிருப்பதால், முழு அலைகளின் எண்ணிக்கையில் வெட்டிப் பொருத்தினால் சாய்வு நிலைக்கும்.

நிரந்தர நகர்வு தேவையில்லை, 20 அல்லது 30 நொடி வரையிலான அலைகள் போதும் என்றால் அதைவிட நீண்ட அலைகளை நீக்கும் உயர்பட்டை வடிகட்டியே போதுமானது. ஒரு எச்சரிக்கை மட்டும்: முன்னும் பின்னும் ஓட்டும் வடிகட்டிக்குப் பதிவின் இருபுறமும் சுழிகள் சேர்க்க வேண்டும். நான்காம் வரிசை பட்டர்வொர்த் வகை வடிகட்டி, வெட்டு அதிர்வெண் 0.02 ஹெர்ட்ஸ் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 300 நொடி. வடிகட்டிய பின் அந்தச் சுழிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத் தொகையிடுவது பலர் செய்யும் பிழை. வடிகட்டியின் தொடக்கத் துடிப்பு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் இடப்பெயர்ச்சி மீண்டும் சாயும்.

அலைத்தொகுதிகளை வரிசையில் நிறுத்துதல்

இந்த நிலநடுக்கத்தைப் பற்றி வலுவசைவுப் பதிவுகள் சொன்ன பெரிய செய்தி இங்கே இருக்கிறது. இவாத்தே, மியாகி, புகுஷிமா, இபராகி கடற்கரையோர நிலையங்களை வடக்கிலிருந்து தெற்காக அடுக்கி, முடுக்கப் பதிவுகளை ஒரே நேர அச்சில் வரையுங்கள். மியாகியில் இரண்டு தனித்தனிக் குலுக்கல்கள் தெரியும். இடையில் ஏறக்குறைய 50 நொடி. தாளில் கோடு போட்டால் இரண்டும் மியாகிக் கடலிலிருந்து வடக்குக்கும் தெற்குக்கும் விரிகின்றன. தெற்கே இபராகி, தோச்சிகிப் பக்கம் போகப் போக இந்த இரண்டும் மங்கி, பின்னால் வந்த வேறொரு தொகுதி ஓங்குகிறது. அது வடக்கிலிருந்து வரவில்லை. புகுஷிமா-இபராகிக் கடலில், தொடக்கத்துக்கு நூறு நொடியளவு கழிந்த பிறகு கிளம்பியது.

ஒவ்வொரு தொகுதியின் வருகை நேரத்தையும் நிலையம்தோறும் குறித்து, எஸ் அலையின் (பக்கவாட்டில் குலுக்கும் இரண்டாம் அலை) வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் அது கிளம்பிய இடம் கிடைக்கும். ஆய்வாளர்கள் குராஹாஷியும் இரிகுராவும் ஐந்து இடங்களைக் காட்டினார்கள். அசானோவும் இவாத்தாவும் நான்கு. எண்ணிக்கை மாறினாலும் அவை அமைந்த இடத்தில் கருத்து ஒன்றே: எல்லாம் முறிவுத்தளத்தின் ஆழமான, கரையை ஒட்டிய விளிம்பில். ஜிபிஎஸ்ஸும் சுனாமி அலைகளும் கடலடி அளவீடுகளும் காட்டும், 50 மீட்டரையும் தொட்ட பெரிய நழுவலோ (முறிவின் இருபுறப் பாறையும் ஒன்றையொன்று கடந்து நகர்ந்த அளவு) எதிர்ப்பக்கம், ஜப்பான் அகழிக்கு அருகே ஆழமற்ற பகுதியில். சுனாமியை எழுப்பிய நழுவல் ஓரிடம். சுகிதாதேயையும் மியாகியின் செந்தாய் நகரையும் உலுக்கிய குறு அலைகள் பிறந்தது வேறிடம். ஒரே நிலநடுக்கம், இரண்டு வேறு முகங்கள். முடுக்கப் பதிவை மட்டும் வைத்து நழுவலை ஊகித்தால் அகழிப் பக்கத்து 50 மீட்டர் கண்ணில் படாது. நழுவல் வரைபடத்தை மட்டும் வைத்து குலுக்கலைக் கணித்தால் கரையோர விளிம்பு தப்பிவிடும்.

இந்த மூல இடங்களின் அளவையும் வலுவையும் கண்டுபிடிக்கப் பயன்பட்டது இரிகுரா 1986இல் வடிவமைத்த முறை. அதே இடத்தில், அதே வகைப் பொறிமுறையில் வந்த ஒரு சிறு நிலநடுக்கத்தின் பதிவை எடுத்துக்கொள்ள வேண்டும். மூலத்திலிருந்து நிலையம் வரையிலான பாறையும் மண்ணும் அலையை என்ன செய்யும் என்பது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நாம் தனியாக மாதிரி கட்டத் தேவையில்லை. மூலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அந்தச் சிறு பதிவை ஒவ்வொரு கட்டத்துக்கும், முறிவு பரவும் வேகத்துக்கேற்பத் தாமதித்துக் கூட்டினால் பெரிய பதிவு வர வேண்டும். எத்தனை கட்டம் என்பதை நிறமாலை (அதிர்வெண்வாரியாக அலையின் வலுவைக் காட்டும் வரைவு) விகிதம் சொல்லும். பெரியதைச் சிறியதால் வகுத்த நிறமாலையில் தாழ் அதிர்வெண்ணில் ஒரு தட்டை, உயர் அதிர்வெண்ணில் இன்னொரு தட்டை தெரியும். தாழ்தட்டை, கட்ட எண்ணின் கனத்தைத் தகைவு விகிதத்தால் (பெரியதிலும் சிறியதிலும் விடுபட்ட தகைவுகளின் விகிதம்) பெருக்கியது. உயர்தட்டை, கட்ட எண்ணைத் தகைவு விகிதத்தால் பெருக்கியது. தாழ்தட்டை 500, உயர்தட்டை 5 என்றால், 500ஐ 5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க 10. ஆக நீளம், அகலம், நேரம் மூன்றிலும் பத்துப் பத்துக் கட்டம். தகைவு விகிதம் 0.5.

தவறுவது எங்கே? சிறு நிலநடுக்கத்தை மிகச் சிறியதாக எடுத்தால் 0.3 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் இரைச்சலே மிஞ்சும். தாழ்தட்டை என்று நாம் அளப்பது இரைச்சலின் விகிதமாகிவிடும். மிகப் பெரியதாக எடுத்தால் அதற்கே தனிக் கட்டமைப்பு இருக்கும். அதைப் புள்ளியாகக் கொள்ள முடியாது. தோஹோகுவில் கூடுதல் சிக்கல், தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது. முழு 300 நொடிக்கும் நிறமாலை எடுத்து விகிதம் போட்டால் ஐந்து மூலங்களும் கலந்த கஞ்சிதான் வரும். ஒவ்வொரு மூலத்துக்கும் அதன் தொகுதி தனித்துத் தெரியும் நிலையங்களை மட்டும் தேர்ந்து, சாளரம் வெட்டி, அதற்கருகே வந்த சிறு நிலநடுக்கத்தோடு சேர்க்க வேண்டும். மியாகி மூலத்துக்குப் புகுஷிமாவின் சிறு நடுக்கத்தைப் பயன்படுத்தினால் பாதை வேறு; பொருத்தம் வந்தாலும் அது தற்செயல்.

மண் செய்யும் மாற்றம்

செந்தாயின் கே-நெட் நிலையத்தில் வடக்கு-தெற்கு உச்சம் 1,517 கேல். அந்த அலையை நீட்டி வரைந்தால் சாதாரண அலை வடிவம் இல்லை: அகன்ற தாழ்வான பகுதிகளுக்கு நடுவே ஊசிபோன்ற முகடுகள். நீர் நிறைந்த மணல் பெரிய உருத்திரிபில் தளர்ந்து, இன்னும் திரிய முயலும்போது திடீரென விறைக்கும். அந்த விறைப்பின் கணம்தான் ஊசி. ஆகவே 1,517 கேலில் ஒரு பகுதி நிலையத்தடி மண்ணின் சொந்தக் கைவண்ணம். அதை மூலத்தின் வலுவாக எடுத்துக்கொள்வது தவறு. சுகிதாதேயிலும் நிலையம் ஒரு மேட்டின் விளிம்பில் நிற்பதும், கருவியின் மேடையே குலுக்கலில் ஓரளவு தூக்கிப்போடப்பட்டிருக்கக்கூடும் என்பதும் விவாதிக்கப்பட்டிருக்கின்றன. தூரத்துக்கேற்ப முடுக்கம் குறையும் சமன்பாடு வரையும்போது இந்த இரண்டு புள்ளிகளையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக்கூடாது.

நேர்மாறான குறி இனாகே, உராயாசு போன்ற டோக்கியோ விரிகுடா ஓரத்தில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலங்களில் கிடைக்கிறது. மண் திரவமானதும் பதிவில் குறு அலைகள் மறைந்து நீண்ட அலைகள் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு பத்து நொடிச் சாளரத்திலும் ஓங்கிய அலைவுக்காலத்தைக் குறித்துக்கொண்டே போனால் எந்த நொடியில் மண் தளர்ந்தது என்று சொல்லிவிடலாம். உச்சம் இருநூறு கேல் அளவிலேயே நின்ற இடங்களில் இவ்வளவு திரவமானதற்குக் காரணம் குலுக்கல் நீடித்த நேரம். உச்ச எண்ணில் இதுவும் தெரியாது.

கிக்-நெட்டின் மேல்-கீழ் இணை இந்த மாற்றத்தை நேரடியாக அளக்க உதவுகிறது. தரை நிறமாலையை ஆழ்துளை நிறமாலையால் வகுத்து, அதே நிலையத்தில் பழைய சிறு நடுக்கங்களுக்கு எடுத்த விகிதத்தோடு ஒப்பிட்டால், பெரிய நடுக்கத்தில் முகடு தாழ் அதிர்வெண் பக்கம் நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவுக்கு மண் தளர்ந்தது. முகட்டின் உயரத்தை மட்டும் அப்படியே பெருக்கமாக எடுக்க வேண்டாம். தரையில் பட்டுத் திரும்பிக் கீழிறங்கும் அலை, ஆழ்துளையில் ஏறிவரும் அலையை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அழித்துவிடும். 100 மீட்டர் ஆழம், சராசரி எஸ் அலை வேகம் நொடிக்கு 400 மீட்டர் என்றால் அது 1 ஹெர்ட்ஸ். வகுக்கும் எண் அங்கே சுழியை நெருங்குவதால் விகிதம் பொய்யாக ஓங்கும்.

அன்றைய மூன்று நிமிடங்கள்

முதல் அலையைக் கண்டு 8.6 நொடியில் வானிலை முகமை, வலுவான குலுக்கல் வரப்போகிறது என்ற பொது எச்சரிக்கையை விட்டது. அப்போது கணித்த அளவு 7.2, கடைசியாக 8.1இல் நின்றது. ஒரு புள்ளியிலிருந்து அலை வருவதாகக் கொண்ட கணக்கு அது. முறிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததும், தெற்கே தனி மூலம் நூறு நொடி கழித்து வெடிக்கப்போவதும் அந்தக் கணக்குக்குள் வர வழியில்லை. அதனால் காந்தோவுக்கு முன்னெச்சரிக்கை போகவில்லை. அங்கே செறிவு 5இன் மேற்பாதியை எட்டி, சில இடங்களில் 6 வரை ஏறியது. 2018இல் சேர்க்கப்பட்ட முறை, மூலத்தைக் கண்டுபிடிக்கக் காத்திராமல் 30 கி.மீ. ஆரத்துக்குள் ஏற்கெனவே பதிவான குலுக்கலைக்கொண்டே அடுத்த இடத்தைக் கணிக்கிறது.

சுனாமி எச்சரிக்கை மூன்றே நிமிடத்தில் வந்தது, அளவு 7.9 என்ற கணக்கில்: மியாகிக்கு 6 மீட்டர், இவாத்தேக்கும் புகுஷிமாவுக்கும் 3 மீட்டர். சில நொடி அலைகளின் வீச்சைக்கொண்டு கணிக்கும் அளவு 8க்கு அருகே முட்டி நின்றுவிடும். உந்த அளவைக் கணக்கிட்டுத் திருத்தியிருக்கலாம். ஆனால் நாட்டுக்குள் இருந்த அகல்பட்டை நில அதிர்வுமானிகள் வீச்சு தாங்காமல் வெட்டுப்பட்டுப் போயின. வெளிநாட்டுப் பதிவுகளைக்கொண்டு 8.8 என்று மாலையில் அறிவிக்கப்பட்டது, 9.0 என்பது இரண்டு நாள் கழித்து. அலை 3 மீட்டர்தான் என்று கேட்டவர்கள் எத்தனை பேர் உயரம் ஏறாமல் நின்றார்கள் என்பதை நினைக்கும்போது, கருவியின் வீச்சு எல்லை என்பது தொழில்நுட்ப விவரத்தோடு முடிவதில்லை. வெட்டுப்படாத அகல்பட்டை வலுவசைவு மானிகளை முகமை அதன்பிறகு நாடெங்கும் நிறுவியது.

அகழிப் பக்கத்தைப் பார்க்கக் கரையிலிருந்து போதாது என்பதால் எஸ்-நெட் என்ற பெயரில் 150 நிலையங்கள் கடலடியில் கம்பிவடத்தில் கோக்கப்பட்டன. இந்தப் பதிவுகளில் மேலே சொன்ன சுழிக்கோட்டுச் சிக்கல் இன்னும் கடுமையாக வருகிறது. உருளை வடிவக் கூட்டுக்குள் இருக்கும் சென்சார், வலுவான குலுக்கலில் வடத்தின் அச்சைச் சுற்றியே உருண்டுவிடுகிறது. தரையில் மேடை சாய்ந்தால் 0.1 கேல், இங்கே ஒரு பாகை உருண்டாலே 17 கேல். கடலடிப் பதிவைத் தொகையிடும் முன், நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் மூன்று திசைகளிலும் நிலையாக விழும் புவியீர்ப்புக் கூறுகளை எடுத்து, எத்தனை பாகை உருண்டது என்று முதலில் கணக்கிட வேண்டும். உருண்ட நிலையத்தின் கிடைத்திசைப் பதிவை நீள் அலைகளுக்கு ஒதுக்கிவிட்டு, 0.1 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே இப்போதைக்கு நம்பத்தக்க வழி.